லேசரில் பிறக்கும் கறுப்பு மை: கார்பன் நானோ இங்க் எப்படித் தயாராகிறது, நம் சுகர் ஸ்ட்ரிப் விலை குறையுமா?

காலேஜ் நாளில் ஆசையாகக் குத்திக்கொண்ட டாட்டூவை, வேலைக்குச் சேர்ந்த பிறகு அழிக்க கிளினிக் தேடும் நண்பர் ஒருவராவது உங்களுக்கு இருப்பார். அங்கே நடப்பது என்ன தெரியுமா? கறுப்பு டாட்டூ மை என்பது பெரும்பாலும் கார்பன் கரித்தூள். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை, ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்கு மட்டும் அடிக்கிறார்கள். கரித்துகள் அந்த ஒளியை விழுங்கிச் சட்டென்று சூடாகி நொறுங்கிவிடும். நொறுங்கிய தூளை உடம்பே மெல்ல மெல்ல அப்புறப்படுத்திவிடும்.

அதே வகை லேசரை ஆய்வகங்களில் நேர்மாறான வேலைக்கும் பயன்படுத்துகிறார்கள். கண்ணாடிக் குடுவையில் தண்ணீர். அடியில் ஒரு கிராஃபைட் துண்டு, பென்சில் முனையில் இருக்கிற அதே சரக்கு. மேலிருந்து லேசர் துடிப்புகள் டப் டப் என்று விழும். தெளிந்த தண்ணீர் முதலில் இளம் பழுப்பாகும், அப்புறம் கறுத்துக்கொண்டே போகும். அந்தக் கறுப்புத் தண்ணீர்தான் கார்பன் நானோ மையின் மூலச் சரக்கு. இதை அச்சிட்டால் எழுத்து மட்டுமல்ல, மின்சாரம் ஓடும் கோடும் வரும்.

'கிராஃபீன் இங்க்', 'பிரிண்டட் எலெக்ட்ரானிக்ஸ்' போன்ற சொற்கள் இப்போது ஸ்டார்ட்அப் பிட்ச்களிலும், லிங்க்ட்இன் பதிவுகளிலும், சில ஷேர் டிப்ஸ் குரூப்களிலும்கூட வந்துவிட்டன. 'சென்சார் விலை அடியோடு குறையும்' என்ற வாக்குறுதியும் கூடவே வரும். இதில் எவ்வளவு உண்மை? முதலில் தொழில்நுட்பத்தைப் பார்ப்போம், பிறகு கால்குலேட்டரை எடுப்போம்.

கார்பன் மை ஒன்றும் புதிதல்ல

உலகின் மிகப் பழைய மைகளில் ஒன்று கார்பன்தான். ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய பிறகு, விளக்குக் கரியைக் குழைத்துத் தடவித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் கறுப்பு தங்கும். அந்தக் கறுப்பு நூற்றாண்டுகள் கடந்தும் மங்காமல் இருக்கக் காரணம், கார்பனை வெயிலும் காற்றும் எளிதில் சிதைக்க முடியாது என்பதே. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: விளக்குக் கரியின் அடிப்படைத் துகள்களும் பத்துக்கணக்கான நானோமீட்டரில் தொடங்கும் அளவுதான். ஆகவே 'நானோ' என்ற சொல்லைப் பார்த்ததும் வியந்துவிடாதீர்கள். பாட்டி வீட்டு அகல்விளக்கும் நானோ துகள் தயாரித்துக்கொண்டுதான் இருந்தது!

இன்று இந்தக் கரியைத் தொழிற்சாலை அளவில் 'கார்பன் பிளாக்' என்ற பெயரில் செய்கிறார்கள். எண்ணெயைக் குறைந்த காற்றில் எரித்து எடுப்பது. உலகம் ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் தயாரிக்கிறது. பெரும்பகுதி டயருக்குப் போகிறது, மீதியில் ஒரு பங்கு அச்சு மைக்கு. சென்னைக்குப் பக்கத்தில் கும்மிடிப்பூண்டியில்கூட இதற்குப் பெரிய ஆலை உண்டு.

நடுவில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆபீஸில் இருக்கும் 'லேசர் பிரிண்டர்' வேறு விஷயம். அதன் டோனரிலும் கார்பன் இருக்கும், உள்ளே லேசரும் இருக்கும். ஆனால் அந்த லேசர் கார்பனைத் தொடுவதே இல்லை. உருளை ஒன்றின் மேல் மின்னூட்டத்தால் படம் வரைவதோடு அதன் வேலை முடிந்தது. நாம் பேசுவது, மைக்குள் இருக்கும் துகளையே லேசரால் உருவாக்குவது.

தண்ணீருக்குள் நடக்கும் வெடிப்பு

ஆய்வகத்தில் இருக்கும் சாதாரணமான ஒரு நானோசெகண்ட் லேசரை எடுத்துக்கொள்வோம். ஒரு துடிப்பில் 100 மில்லிஜூல் ஆற்றல், துடிப்பின் நீளம் 10 நானோசெகண்ட், நொடிக்கு 10 துடிப்பு. சராசரி போட்டால் 1 வாட். ஒரு சின்ன இரவு விளக்கு அளவு, அவ்வளவுதான். ஆனால் துடிக்கும் அந்தக் கணத்தில் மட்டும் கணக்குப் போட்டால், 100 மில்லிஜூலை 10 நானோசெகண்டால் வகுக்க வேண்டும். விடை 1 கோடி வாட். அதையும் லென்ஸ் வைத்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான புள்ளியில் குவிக்கிறார்கள்.

அந்தப் புள்ளியில் இருக்கும் கிராஃபைட்டுக்கு உருகி ஓட நேரமே கிடைப்பதில்லை. பல ஆயிரம் டிகிரி சூட்டில் நேரடியாக ஆவியாகி, பிளாஸ்மா ஆகிறது. வெளியே காற்று இருந்திருந்தால் அது பரவி ஓடிவிடும். இங்கே சுற்றிலும் தண்ணீர் அமுக்குகிறது. எனவே ஒரு குமிழி உருவாகிறது. சுமார் 100 மைக்ரோசெகண்டில் மில்லிமீட்டர் அளவுக்கு ஊதி, அதே வேகத்தில் சுருங்கி உடைகிறது. ஆவியான கார்பன் அணுக்கள் அந்தக் குமிழிக்குள் குளிர்ந்து, ஒன்றோடு ஒன்று கூடித் துகளாகின்றன. குமிழி உடையும்போது தண்ணீரில் கலந்துவிடுகின்றன. உங்கள் கண் ஒருமுறை இமைப்பதற்குள் இந்த நாடகம் இரண்டு மூன்று முறை நடந்து முடிந்திருக்கும்.

இதில் ஒரு அழகு இருக்கிறது. அந்தச் சூட்டில் தண்ணீரும் உடைகிறது. அதிலிருந்து வரும் ஆக்சிஜன் துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் துகள்களுக்கு எதிர் மின்னூட்டம் கிடைக்கிறது. எல்லாத் துகளுக்கும் ஒரே மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளும், சட்டென்று கட்டி சேராது, அடியில் படியாது. சோப்பு போன்ற எந்த ரசாயனமும் போடாமலேயே மை தானாகத் தாக்குப்பிடிக்கிறது. இந்தச் செய்முறையைச் சுற்றி இவ்வளவு ஆர்வம் இருப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

புனேயில் ஒரு தொடக்கம்

திடப்பொருளைத் திரவத்துக்குள் வைத்து லேசரால் அடிக்கும் இந்த முறையின் வரலாற்றை எழுதும் எவரும் வழக்கமாக முதலில் குறிப்பிடும் கட்டுரை எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவோ ஜெர்மனியோ அல்ல. 1987-இல் புனேயிலிருந்து. பாட்டீல், ஓகலே, பிடே உள்ளிட்ட புனே பல்கலைக்கழக இயற்பியலாளர்கள், தண்ணீருக்குள் இருக்கும் இரும்பின் மேல் ரூபி லேசரை அடித்தார்கள். சாதாரணமாகக் கிடைக்காத இரும்பு ஆக்சைடு வடிவங்கள் அங்கே உருவாவதைக் கண்டார்கள். பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் அது வெளியானது. 1992-இல் ஓகலேயும் சக ஆய்வாளர்களும் இரும்புக்குப் பதிலாக கிராஃபைட், தண்ணீருக்குப் பதிலாக பென்சீன் என்று மாற்றிப் பார்த்தார்கள். கிடைத்தது வைரத் துகள்கள்! கரிக்கும் வைரத்துக்கும் அணு ஒன்றே, அடுக்கு வேறு என்று பள்ளியில் படித்தது நினைவிருக்கும். லேசர் உருவாக்கும் அசுர அழுத்தம் அந்த அடுக்கையே மாற்றிவிடுகிறது.

ஆனால் கிராஃபைட்டை லேசரால் ஆவியாக்கும் யோசனை அதற்கும் முந்தையது. 1985-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் குரோட்டோ, ஸ்மாலி, கர்ல் குழுவினர் ஹீலியம் வாயு ஓட்டத்தில் இதைச் செய்து, கால்பந்து வடிவ 60 அணு கார்பனைக் கண்டுபிடித்தார்கள். 1996-இல் வேதியியல் நோபல் வந்தது. பிறகு 2006-இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் லேசரால் எடுத்த கார்பன் துகளின் மேற்பரப்பைக் கொஞ்சம் மாற்றி, ஒளிரும் 'கார்பன் டாட்' செய்தார்கள். புற ஊதா விளக்கில் வண்ணம் காட்டும் இந்தத் துகளை, கள்ளநோட்டு, போலி லேபிள் போன்றவற்றைக் கண்டுபிடிக்கும் ரகசிய மையாகப் பயன்படுத்தலாம் என்று நிறைய ஆய்வுகள் வந்துள்ளன.

1987-இல் நம்மிடம் தொடங்கிய ஒரு முறை, இன்று தொழில் அளவில் பேசப்படுவது பெரும்பாலும் ஜெர்மனியில். இதுபற்றிப் புலம்பித் தனிக் கட்டுரையே எழுதலாம். இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

பிரிண்டரின் நிபந்தனைகள்

துகள் கிடைத்துவிட்டால் மை ஆகிவிடாது. இங்க்ஜெட் பிரிண்டர் சரியான கறார் பேர்வழி.

அதன் நாசில் துளை 20 முதல் 50 மைக்ரோமீட்டர், தலைமுடியைவிடச் சன்னம். துளை அடைக்காமல் இருக்க, துகள் அந்த அளவில் ஐம்பதில் ஒரு பங்குக்குள், முடிந்தால் நூறில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. 30 மைக்ரோமீட்டர் துளை என்றால், 300 நானோமீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. லேசர் துகள்களில் பெரும்பான்மை இதைவிட எவ்வளவோ சிறியவை. சிக்கல் என்னவென்றால், கிராஃபைட் அடுக்கடுக்கான பொருள். துடிப்பு விழும்போது ஆவி மட்டும் வராது, சில்லுகளும் பெயர்ந்து வரும். அவற்றைச் சுழற்றி வடிகட்டி நீக்க வேண்டும். அப்படி நீக்கும்போது கிடைத்த கொஞ்சத்திலும் கொஞ்சம் போய்விடும்.

அடுத்து, தண்ணீரின் பரப்பு இழுவிசை அதிகம். சொட்டுச் சொட்டாகச் சீராக விழாது, பிளாஸ்டிக் தாளில் பரவவும் செய்யாது. எனவே ஆல்கஹாலோ கிளைக்காலோ சேர்த்துப் பதப்படுத்துகிறார்கள். காயும்போதும் ஒரு தொல்லை உண்டு. ஃபில்டர் காபி டபராவிலிருந்து மேசையில் சிந்திய சொட்டைக் கவனித்திருப்பீர்கள். காய்ந்த பிறகு நடு வெளுத்து, ஓரம் மட்டும் அடர் பழுப்பு வளையமாக நிற்கும். ஓரம் வேகமாகக் காய்வதால் நடுவிலிருக்கும் திரவம் ஓரத்துக்கு ஓடி, துகளையும் சுமந்து போகிறது. 1997-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். அறிவியலில் இதன் பெயரே 'காபி வளைய விளைவு'. மின்கோடு அச்சிடும்போது இப்படி நடந்தால் ஓரத்தில் மின்சாரம் ஓடும், நடுவில் ஓடாது. இரண்டு கரைப்பான்களைக் கலந்து, ஆவியாகும் வேகத்தைச் சமன்செய்துதான் இதைச் சமாளிக்கிறார்கள்.

அப்படியென்றால் கார்பன் பிளாக்கையே அரைத்துக் கலக்கிவிடலாமே, லேசர் எதற்கு? இங்கேதான் அந்தச் சோப்பு விஷயம் வருகிறது. வழக்கமான கார்பன், கிராஃபீன் மைகளில் துகள் கட்டி சேராமலிருக்க ஏதாவது ஒரு துணைச்சரக்கு போடுவார்கள்: செல்லுலோஸ் வகைப் பிசின், பாலிமர், சோப்பு மூலக்கூறு. அச்சிட்ட பிறகு அது துகள்களுக்கு நடுவே மின்சாரத்தை மறிக்கும் சுவராக நிற்கும். அதை நீக்க 250 முதல் 350 டிகிரி வரை சுட வேண்டிவரும். கண்ணாடி தாங்கும். காகிதமும் பெட் பிளாஸ்டிக்கும் தாங்காது. சென்சார் என்றால் இன்னொரு பிரச்சினையும் சேரும். ரத்தத்திலோ வியர்வையிலோ இருக்கும் மூலக்கூறு கார்பன் பரப்பைத் தொட்டால்தான் சிக்னல் வரும், பிசின் அந்த இடத்தை மூடிவிடும். லேசர் மையில் அந்தப் பிசின் இல்லை. சுடாமலேயே, அறை வெப்பத்தில் காய வைத்தே, சுத்தமான கார்பன் பரப்பு கிடைக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பிசின் இல்லாவிட்டால் ஒட்டாது. விரலால் தேய்த்தால் கையோடு வந்துவிடும். 'பைண்டர் இல்லாத மை' என்று பெருமையாகச் சொல்லும் ஒரு கட்டுரையைப் பார்த்தால், செல்லோடேப் ஒட்டி உரித்துப் பார்த்த சோதனை அதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கடத்துதிறனையும் சொல்லிவிட வேண்டும். அச்சிட்ட கார்பன் கோடு, அச்சிட்ட வெள்ளிக் கோட்டைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு மோசமாக மின்சாரம் கடத்தும். இது கார்பனின் இயல்பு, லேசர் வந்து அதை மாற்றாது. அதனால்தான் நல்ல சென்சார்களில் நீளக் கம்பி வேலைக்கு வெள்ளி, மாதிரி தொடும் முனைக்கு மட்டும் கார்பன் என்று பிரித்துக்கொள்கிறார்கள். கார்பன் கறுக்காது, அரிக்காது, உடல் திரவங்களோடு வம்புக்குப் போகாது.

இனி கால்குலேட்டர்

உங்கள் வீட்டிலேயே கார்பன் மை இருக்க வாய்ப்பு உண்டு. அப்பாவோ அம்மாவோ காலையில் விரலைக் குத்திப் பார்க்கும் சுகர் டெஸ்ட் ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பாக ஒரு பட்டை தெரிகிறதா? பல பிராண்டுகளில் அது ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிட்ட கார்பன் மை. சிலவற்றில் தங்கமோ பல்லேடியமோ இருக்கும். கார்பன் பூசிய ஸ்ட்ரிப்போடு பேனா வடிவ மீட்டர் சந்தைக்கு வந்தது 1987-இல், புனே கட்டுரை வந்த அதே ஆண்டு. தற்செயல்தான்.

ஐசிஎம்ஆர் ஆதரவில், சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி பேர். ஒவ்வொருவரும் வாரம் ஒரே ஒரு ஸ்ட்ரிப் பயன்படுத்தினாலும் ஆண்டுக்கு 525 கோடி ஸ்ட்ரிப். இத்தனைக்கும் லேசர் மை போட முடியுமா?

ஒரு ஸ்ட்ரிப்பில் அரை சதுர சென்டிமீட்டர் பரப்பு, 10 மைக்ரோமீட்டர் தடிமனுக்குக் கார்பன் என்று வைத்துக்கொள்வோம். இது என் உத்தேச அளவுதான், பிராண்டுக்குப் பிராண்டு மாறும். எடை முக்கால் மில்லிகிராம் வருகிறது. 525 கோடி ஸ்ட்ரிப்புக்கு சுமார் 3.9 டன். ஒரு லாரியில் ஏற்றிவிடலாம்.

இப்போது லேசர் பக்கம் வருவோம். சாதாரண ஆய்வக லேசர் ஒரு மணி நேரத்தில் தருவது மில்லிகிராம் கணக்கு. இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் சாதனை, 2016-இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க்-எஸ்ஸன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 500 வாட் பிக்கோசெகண்ட் லேசர். அதன் கற்றையை நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் ஓட்டும் சுழல் கண்ணாடி. வேகம் எதற்கு? முந்தைய துடிப்பு உருவாக்கிய குமிழி அடுத்த துடிப்பை மறைத்துவிடாமல், கற்றை தாண்டி ஓட வேண்டும் என்பதற்கு. பலன், மணிக்கு 4 கிராம் வரை.

தலைப்புச் செய்தியில் இந்த '4 கிராம்' பளிச்சென்று இருக்கும். ஆனால் அது பிளாட்டினம். பிளாட்டினத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 21 கிராமுக்கு மேல், கிராஃபைட்டுக்கோ 2.2 கிராம்தான். அதே கன அளவு கிராஃபைட்டைப் பெயர்த்தால் எடை 0.41 கிராம். பொருளுக்குப் பொருள் பெயரும் அளவு வேறுபடும் என்பதால் இது தோராயம்தான். ஆனால் எந்தத் திசையில் போகிறது என்று புரியும். 'மணிக்கு இத்தனை கிராம்' என்று யாராவது சொன்னால், எந்தப் பொருள் என்று கேளுங்கள்.

மணிக்கு 0.41 கிராம் என்றால், ஆண்டு முழுக்க இரவு பகல் நிறுத்தாமல் ஓட்டினால் 3.6 கிலோ. நமக்கு வேண்டியதோ 3.9 டன். சுமார் 1,100 லேசர்கள் வேண்டும். ஒவ்வொன்றும் அந்த 500 வாட் ரகம்.

மின்சாரம்? 0.41 கிராமுக்கு லேசர் ஒளி மட்டும் அரை யூனிட். ஒளியைப் போல ஐந்து மடங்கு மின்சாரத்தைப் பிளக் பாயிண்ட்டிலிருந்து இழுக்கிறது என்று வைத்தால், ஒரு கிராமுக்கு 6 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் ஒரு ஸ்ட்ரிப்புக்கு நான்கு பைசாவுக்கும் குறைவு. நான் எதிர்பார்த்தது இதைவிட அதிகமாக இருக்கும் என்றுதான். கரண்ட் பில் இங்கே வில்லன் இல்லை, இயந்திரங்களின் எண்ணிக்கைதான் வில்லன்.

இன்னொரு எண்ணும் இருக்கிறது, இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. லேசர் கலவை நீர்த்தது. லிட்டருக்கு 0.1 கிராம் கார்பன் இருக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் ஒரு ஸ்ட்ரிப்புக்கு வேண்டிய முக்கால் மில்லிகிராம் எடுக்க 7.5 மில்லிலிட்டர், அதாவது ஒன்றரை டீஸ்பூன் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரு விரல் நுனி அளவு இடத்தில்! செறிவை ஏற்றலாம்தான். ஏற்ற ஏற்றத் துகள்கள் நெருங்கி, கட்டி சேரத் தொடங்கும். அப்போது சோப்பு வேண்டும். சோப்பு வேண்டாம் என்றுதானே லேசருக்கு வந்தோம்?

சரி, படலத்தை மெலிதாக்கலாமே? 10 மைக்ரோமீட்டரை அரை மைக்ரோமீட்டராக்கினால் 1,100 லேசர் 55 ஆகிவிடும். ஆனால் மின்தடை இருபது மடங்கு கூடும். சில சென்சார்களுக்கு அது பரவாயில்லை, சிலவற்றுக்கு ஆகாது.

முதல் கேள்விக்கு வருவோம். ஸ்ட்ரிப் விலை குறையுமா? கார்பன் மை கிலோ 10,000 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும், ஒரு ஸ்ட்ரிப்பில் இருக்கும் கார்பனின் விலை ஒரு பைசாவைத் தொடாது. நீங்கள் மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கும் பணம் நொதிக்கு, தரச் சோதனைக்கு, ஈரம் புகாத டப்பாவுக்கு, விநியோகத்துக்கு, பிராண்டுக்குப் போகிறது. மையை இலவசமாகக் கொடுத்தாலும் பில்லில் வித்தியாசம் தெரியாது. 'லேசர் கார்பன் மையால் சுகர் ஸ்ட்ரிப் மலிவாகும்' என்று எழுதி உங்களிடம் முதலீடு கேட்டால், பையை மூடிக்கொள்ளுங்கள்.

அப்போ எதற்குத்தான் ஆகும்?

மலிவு இதன் பலம் அல்ல, சுத்தம்தான் பலம். எனவே கொஞ்சம் கார்பன் போதும், ஆனால் அது கறையில்லாமல் இருக்க வேண்டும் என்ற இடங்களில் தேடுங்கள். குடிநீரில் ஈயமோ பாதரசமோ நுண்ணளவில் இருக்கிறதா என்று பார்க்கும் மின்முனை, மூளை வேதிப்பொருளான டோபமைனை அளக்கும் ஆய்வக சென்சார், ஒளிரும் பாதுகாப்பு மை. இவற்றில் ஒரு கிராம் துகள் ஆயிரக்கணக்கான சாதனங்களுக்குக் காணும். தயாரிப்பவர் கிலோவுக்கு என்ன விலை என்று கவலைப்பட மாட்டார், ஒரு தொகுதியும் அடுத்த தொகுதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றுதான் கவலைப்படுவார். அதற்கு லேசர் நல்ல கருவி. துடிப்பின் ஆற்றல், எண்ணிக்கை, நேரம் எல்லாம் கணினியில் பதிவாகும்.

குறுக்குவழி ஒன்றும் இருக்கிறது. திடமான கிராஃபைட்டைப் பெயர்ப்பதற்குப் பதிலாக, மலிவான கார்பன் தூளைத் தண்ணீரில் கலக்கி, அந்தக் கலவை மேல் லேசரை அடிப்பது. பெரிய துகள் நொறுங்கிச் சிறிதாகும். டாட்டூ அழிக்கும் அதே வித்தை. அணு அணுவாக ஆவியாக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கும் தூளை உடைத்தால் போதும் என்பதால் என் பார்வையில் அளவு கூட்டுவதற்கு இந்தப் பாதைதான் நியாயமாகத் தெரிகிறது. ஆனால் தூளில் முன்பே ஒட்டியிருக்கும் அசுத்தமும் கூடவே வரும்.

மையே வேண்டாம் என்கிற போட்டியாளர்

லேசர் மைக்குப் பெரிய சவால் கார்பன் பிளாக்கிடமிருந்து மட்டும் வரவில்லை, இன்னொரு லேசரிடமிருந்தும் வருகிறது. 2014-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர் ஒரு பாலிஇமைடு தாளை எடுத்தார்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் பொன்னிறத்தில் கிடைக்கும், சூடு தாங்கும் அந்த டேப்பின் மூலப்பொருள். அதன் மேல் அக்ரிலிக் பெயர்ப்பலகை வெட்டும் கடைகளில் இருப்பது போன்ற கார்பன் டை ஆக்சைடு லேசரை ஓட்டினார்கள். ஓடிய தடமெல்லாம் கறுத்து, நுரை போன்ற கிராஃபீனாக மாறியிருந்தது. மின்தடை சதுரத்துக்கு 15 ஓமுக்கும் கீழே. நாசில் இல்லை, அடைப்பு இல்லை, காயவைக்கும் வேலை இல்லை. வரைந்ததே மின்சுற்று. 2018-இல் அதே குழு துணி, காகிதம், உருளைக்கிழங்குத் தோல், கொட்டாங்குச்சி மேலெல்லாம் இதைச் செய்து காட்டியது. இந்த நுரையைச் சுரண்டி எடுத்து மையாக்கும் முயற்சிகளும் நடக்கின்றன.

இதன் வரம்பும் தெளிவானது. சூட்டில் கார்பனாக மாறக்கூடிய பொருளின் மேல்தான் வரையலாம். கண்ணாடி மேலோ, சாதாரண பாலித்தீன் பை மேலோ, உங்கள் தோல் மேலோ வரைய முடியாது. அங்கெல்லாம் மை தேவை இருந்துகொண்டே இருக்கும்.

இதைப் படித்துவிட்டு, ஆன்லைனில் வாங்கிய மேசை லேசர் என்கிரேவரைத் தூசி தட்டி எடுக்கும் ஆள் நீங்கள் என்றால் இரண்டு எச்சரிக்கை. பாலிஇமைடு எரியும் புகையை முகர வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் ஃபேன் வேண்டும். கார்பன் தூளையும் காய்ந்த நிலையில் ஊதிவிடாதீர்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, கார்பன் பிளாக்கை 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது' என்ற 2பி பட்டியலில் வைத்திருக்கிறது. அந்த வகையில் துகள் பிறந்ததிலிருந்தே தண்ணீருக்குள் இருக்கும் லேசர் மை கொஞ்சம் மேல். அடுத்தது கண்ணாடி. 1064 நானோமீட்டர் லேசர் கண்ணுக்குத் தெரியாது, அதனால் கண் இமைத்துத் தற்காத்துக்கொள்ளவும் செய்யாது. என்கிரேவரோடு இலவசமாக வரும் பச்சைக் கண்ணாடியில் எந்த அலைநீளத்துக்கு என்று அச்சிட்டிருக்கும். உங்கள் லேசரின் எண் அதில் இல்லையென்றால் சுவிட்சைப் போடாதீர்கள்.